டிஸ்க் பிரேக் ஃபோர்க்கில் உரசுகிறதா? அரத்தை எடுப்பதற்கு முன் இதைப் பாருங்க!

மயிலாப்பூர் லஸ் கார்னரில் கிளம்பி மந்தைவெளி வழியாக அடையாறு போய்ச் சேர்வதற்குள் சைக்கிள்காரரின் விரல் எத்தனை முறை பிரேக்கைத் தொடும்? மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி தொடங்கியதிலிருந்து எண்ணிப் பார்ப்பதையே பலர் விட்டுவிட்டார்கள். தடுப்பு, மாற்றுப்பாதை, திடீரென்று குறுக்கே வரும் ஆட்டோ. தி.நகர் பனகல் பார்க் பக்கமும் இதே கதைதான். மழையிலும் நம்பிப் பிடிக்கலாம் என்பதால் டிஸ்க் பிரேக் சைக்கிள் வாங்கியவர்கள் இங்கே ஏராளம்.

வாங்கிய கொஞ்ச நாளில் முன் சக்கரத்திலிருந்து ஒரு சத்தம் வரும். சிலருக்கு ‘ஸ்ஸ்ஸ்’ என்று இடைவிடாமல். சிலருக்கு ஒரு சுற்றுக்கு ஒரு முறை ‘டிக்’. புது சக்கரமோ பெரிய டிஸ்க்கோ மாட்டியவர்களுக்கு அதைவிட மோசம்: போல்ட் தலை ஃபோர்க்கில் இடித்து சக்கரமே சுற்றாது. அப்போது பக்கத்தில் நிற்பவர் யாராவது சொல்வார்: “லேசா அரம் போட்டுத் தேய்ச்சு விட்டா சரியாயிடும்.”

செய்யவே கூடாத வேலை அதுதான். இந்தச் சிக்கலில் பெரும்பாலானவை ஒரு வாஷரிலோ ஒரு லீவரைத் திருப்பி மாட்டுவதிலோ தீர்ந்துவிடும். எங்கே இடிக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கெல்லாம் இடிக்கும்?

ஹப்போடு சேர்ந்து சுழலும் வட்டத் தகடுதான் ரோட்டர். அதைக் கவ்விப் பிடிப்பது காலிப்பர். காலிப்பருக்குள் இருக்கும் இரண்டு பேட்களுக்கு நடுவில் ரோட்டர் ஓடுகிறது. புது ஷிமானோ ரோட்டர் 1.8 மி.மீ. தடிமன், தேய்ந்து 1.5 மி.மீ. ஆனால் மாற்றச் சொல்கிறது நிறுவனம். அதன் இரு பக்கமும் பேட்டுக்கு இருக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. இது முதல் இடம்.

ரோட்டரை ஹப்போடு பிடித்திருக்கும் போல்ட் தலைகளுக்கும் ஃபோர்க் காலின் உள்பக்கத்துக்கும் நடுவே இருப்பது இரண்டாவது இடம். காலிப்பர் ஒரு பக்கம் ஸ்போக் கம்பியையும் மறுபக்கம் ஃபோர்க்கையும் தொடாமல் நிற்க வேண்டும், அது மூன்றாவது. இவை தவிர, பலரும் கவனிக்காத இரண்டு உண்டு: க்விக் ரிலீஸ் லீவருக்கும் ரோட்டருக்கும் உள்ள தூரம், மழைக்காக மாட்டிய மட்கார்டு கம்பிக்கும் காலிப்பருக்கும் உள்ள தூரம். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

கண்டுபிடிப்பது எப்படி?

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மெதுவாகச் சுற்றுங்கள். காலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, எதிர்ப்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். ரோட்டருக்கு இருபுறமும் வெளிச்சக் கோடு தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் காலிப்பர் நடுவில் இல்லை. கோடு ஒரு சுற்றில் வந்து வந்து மறைந்தால் ரோட்டர் வளைந்திருக்கிறது.

சத்தமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். இடைவிடாத உரசல் என்றால் காலிப்பர். சுற்றுக்கு ஒரு முறை என்றால் ரோட்டர். நேராகப் போகும்போது ஒன்றுமில்லை, எழுந்து நின்று மிதிக்கும்போதும் வளைவிலும் மட்டும் சத்தம் என்றால் ஹப் ஆட்டம் காண்கிறது, அல்லது சக்கரம் சரியாக இறுகவில்லை. ஃபோர்க் காலின் உள்பக்கத்தில் பெயின்ட் போய் வட்டமாகப் பளபளப்பு தெரிந்தால், போல்ட் இடிக்கிறது என்று அர்த்தம்.

பெட்டியில் வந்த சைக்கிளை வீட்டிலேயே பூட்டியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் டிஸ்க் உங்கள் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். காலிப்பர் ஃபோர்க் காலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வலப்பக்கத்தில், ஃபோர்க்குக்கு முன்னால் இருந்தால் ஃபோர்க்கே திரும்பி நிற்கிறது. அனுப்பும்போது இடம் மிச்சம் பிடிக்கத் திருப்பி வைத்ததை அப்படியே இறுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேபிள் இழுபடும், ஹேண்டில் ஒரு மாதிரி அடம்பிடிக்கும். இதை வைத்துக்கொண்டு பிரேக்கைத் திருகிப் பயனில்லை.

முதலில் சக்கரம், அப்புறம் காலிப்பர்

எந்த போல்ட்டையும் தொடுவதற்கு முன், சைக்கிளைத் தரையில் நேராக நிறுத்தி முன் சக்கரத்தின் க்விக் ரிலீஸை லூஸ் செய்யுங்கள். ஹேண்டிலை மேலிருந்து அழுத்தினால் அச்சு அதற்கான பள்ளத்தில் முழுதாக உட்காரும். அப்படியே இறுக்குங்கள். சக்கரம் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்து உட்கார்ந்திருந்தாலும் ரோட்டர் பேட்டில் உரசும். பல சத்தங்கள் இதோடு நின்றுவிடும்.

நிற்கவில்லை என்றால் காலிப்பரை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஹைட்ராலிக் பிரேக்கில் இது சுலபம். காலிப்பரின் இரண்டு போல்ட்களையும் அது ஆடும் அளவுக்கு லூஸ் செய்து, பிரேக் லீவரை அழுத்திப் பிடித்தபடி மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் போதும். ஷிமானோ இதற்குச் சொல்லும் அளவு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். மூச்சுப் பிடித்து இறுக்க வேண்டிய போல்ட் இல்லை இது.

ஆரம்ப விலை சைக்கிள்களில் வரும் கேபிள் டிஸ்க்கில் இந்த வித்தை அப்படியே பலிக்காது. அவற்றில் பெரும்பாலும் வெளிப்பக்க பேட் மட்டுமே நகரும். உள்பக்க பேட் நிலையானது. பிரேக் பிடித்தால் வெளிப் பேட் ரோட்டரை வளைத்துக்கொண்டு போய் உள் பேட்டில் அழுத்தும். அதனால் முதலில் ஸ்போக் பக்கமுள்ள திருகைத் திருப்பி, உள் பேட்டை ரோட்டருக்கு மிக அருகில், ஆனால் தொடாமல் நிறுத்த வேண்டும். நடுவில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி அளவு பார்ப்பது நல்ல பழக்கம். பிறகுதான் வெளிப் பேட்டும் கேபிளும். வரிசை மாறினால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வாஷர் எங்கே போடுவது?

காலிப்பரை நகர்த்தியும் பேட் நடுவுக்கு வரவில்லை, காலிப்பரின் உடம்பு ஸ்போக்கில் தட்டுகிறது என்றால் ஃபோர்க்கின் மவுண்ட் எந்த ரகம் என்று பார்க்க வேண்டும். பழைய ‘ஐ.எஸ்.’ ரகத்தில் இரண்டு துளைகளுக்கு நடுவே 51 மி.மீ.; போல்ட் பக்கவாட்டில் நுழையும். ‘போஸ்ட் மவுண்ட்’டில் 74 மி.மீ.; போல்ட் ஃபோர்க்கை நோக்கி நேராக நுழையும். ரோடு சைக்கிள்களில் வரும் ‘ஃபிளாட் மவுண்ட்’ மூன்றாவது ரகம். ஷிமானோ 2014-ல் அறிமுகப்படுத்தியது.

இந்த வித்தியாசம் தெரியாமல் வாஷர் போட்டால் வேலை கெடும். ஐ.எஸ். ஃபோர்க்கில், காதுக்கும் அடாப்டருக்கும் நடுவே போடும் மெல்லிய வாஷர் காலிப்பரைப் பக்கவாட்டில், அதாவது ஸ்போக் பக்கம் நகர்த்தும். போஸ்ட் மவுண்ட்டில் போடும் வாஷரோ காலிப்பரை அச்சிலிருந்து வெளியே தள்ளும். பக்கவாட்டில் எதுவும் மாறாது. அங்கே பக்கவாட்டு நகர்வுக்குக் காலிப்பரிலேயே நீள்துளை இருக்கிறது. கடையில் “ரெண்டு வாஷர் போடுங்க” என்று சொன்னால் போதாது என்பது இதனால்தான்.

அடாப்டரிலும் இதே குழப்பம் உண்டு. 160 மி.மீ. ரோட்டரிலிருந்து 180-க்குப் போனால் விட்டம் 20 கூடுகிறது. காலிப்பர் வெளியே போக வேண்டியது 10 மி.மீ. மட்டும். தவறான அடாப்டர் என்றால் காலிப்பரின் உள்கூரை ரோட்டர் விளிம்பில் இடிக்கும், இல்லையென்றால் பேட்டின் பாதி காற்றைக் கவ்வும். இரண்டாவதில் சத்தமே வராது, பிரேக்கும் பிடிப்பது போலத்தான் இருக்கும். அதனால்தான் அது அதிக ஆபத்து.

போல்ட் ஃபோர்க்கில் இடித்தால்?

சக்கரமோ ஹப்போ மாற்றியவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். முதல் சந்தேகம் போல்ட் மேலேயே விழ வேண்டும். ஆறு போல்ட் ரோட்டர்களுக்கு டி-25 நட்சத்திரத் தலையுள்ள தட்டையான போல்ட்கள் கூடவே வரும். அவை தொலைந்து, ஹார்டுவேர் கடையில் கிடைத்த உயரத் தலை அலன் போல்ட் போட்டிருந்தால், அந்தத் தலையின் உயரமே இடைவெளியைத் தின்றுவிடும். சென்டர்லாக் ஹப்பில் ஆறு போல்ட் ரோட்டரை மாட்ட அடாப்டர் போட்டவர்களுக்கும் இதே கதி. அந்த அடாப்டர் கொஞ்சம் தடிமன் கூட்டும்; நெருக்கமான ஃபோர்க்கில் அது தாங்காது. சென்டர்லாக் ரோட்டரையே வாங்கிவிடுவது நேரான வழி.

போல்ட் சரிதான், ஆனாலும் இடிக்கிறதா? கோன், பால்ரஸ் வைத்த சாதாரண ஹப்பாக இருந்தால் ஒரு பழைய உபாயம் இருக்கிறது. அச்சின் வலப்பக்க லாக்நட்டுக்கு அடியில் இருக்கும் 1 மி.மீ. வாஷரை எடுத்து இடப்பக்கம் போடுங்கள். ஹப்பின் மொத்த அகலம் அதே 100 மி.மீ.தான், ஆனால் ரோட்டர் ஃபோர்க் காலிலிருந்து 1 மி.மீ. உள்ளே போய்விடும். சக்கரத்தின் ரிம்மும் கூடவே 1 மி.மீ. வலப்பக்கம் நகரும் என்பதால், கோட்டம் எடுத்து ரிம்மை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். காலிப்பரையும் திரும்ப நடுவில் வைக்க வேண்டும். மயிலாப்பூர் சந்துகளில் இன்னும் மிச்சமிருக்கும் பழைய சைக்கிள் கடைக்காரரிடம் போக வேண்டிய நேரம் இதுதான். டிஸ்க் பிரேக் அவருக்குப் புதிதாக இருக்கலாம். கோட்டம் எடுப்பதில் ஷோரூம் பையன்கள் அவர் பக்கத்தில் நிற்க முடியாது.

சீல்டு பேரிங் ஹப், த்ரூ ஆக்ஸில் ஹப் ஆகியவற்றில் இந்த உபாயம் எடுபடாது. அவற்றுக்கு உரிய எண்ட் கேப்தான் போட வேண்டும். எந்த ஹப்பாக இருந்தாலும், வேலை முடிந்ததும் போல்ட் தலைக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே 2 மி.மீ. அலன் கீயாவது தாராளமாக நுழையட்டும். பள்ளத்தில் இறங்கும்போதும் கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போதும் ஃபோர்க் கால் வளைந்து கொடுக்கும். நிற்கும்போது ஒரு தாள் நுழைவது ஓடும்போது போதாது.

ஏன் அரம் கூடாது?

கொஞ்சம் கணக்கு. தரையில் டயர் 40 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சைக்கிளை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். டயரின் ஆரம் சுமார் 340 மி.மீ.; 160 ரோட்டரில் பேட் பிடிக்கும் ஆரம் சுமார் 73 மி.மீ. அப்படியானால் காலிப்பரில் இறங்கும் விசை நாலரை மடங்குக்கு மேல், ஏறத்தாழ 180 கிலோ. இதை முழுக்கத் தாங்குவது ஃபோர்க்கின் ஒரே ஒரு காலில் இருக்கும் இரண்டு போல்ட்கள். ரிம் பிரேக்கில் இந்தச் சுமை ஃபோர்க்கின் உச்சியில், இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொள்ளப்படும். டிஸ்க்கில் அப்படி இல்லை.

இவ்வளவு சுமை வாங்கும் இடத்தில் அரம் போட்டால் என்ன ஆகும்? கார்பன் ஃபோர்க் என்றால் இழைகள் அறுபடும். வெளியே ஒன்றும் தெரியாமல் ஒருநாள் முறியும். சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் கீழ்க்கால் வார்ப்பு உலோகம், சுவர் மெல்லியது. இரும்பு ஃபோர்க் உடனே உடையாது என்றாலும், பெயின்ட் போன இடத்தைப் பெசன்ட் நகர் உப்புக்காற்று சும்மா விடாது. ஹைட்ராலிக் காலிப்பரைத் தேய்ப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம், உள்ளே எண்ணெய் ஓடுகிறது.

அச்சு உட்காரும் பள்ளத்தின் விளிம்பில் சின்ன உதடு போல ஒரு மேடு இருக்கும். சக்கரத்தைச் சட்டென்று கழற்ற முடியவில்லை என்று அதைத் தேய்த்துவிடுகிறவர்களும் உண்டு. காலிப்பர் ஃபோர்க்குக்குப் பின்னால் இருப்பதால், பிரேக் பிடிக்கும்போது அச்சைப் பள்ளத்திலிருந்து கீழே தள்ளும் விசை உண்டாகிறது. பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் அன்னன் 2003-ல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியபோது சைக்கிள் உலகில் பெரிய விவாதம் நடந்தது. சக்கரம் கழன்று போகாமல் கடைசியாகத் தடுப்பது அந்த உதடுதான். அச்சு துளைக்குள் நுழைந்து திருகும் த்ரூ ஆக்ஸில் ஃபோர்க்குகளில் இந்தப் பயம் இல்லை.

பெரிய ரோட்டர் ஆசைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஒவ்வொரு ஃபோர்க்குக்கும் அதிகபட்ச ரோட்டர் அளவு என்று ஒன்று உண்டு. தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். அதைத் தாண்டிய ரோட்டர் ஃபோர்க் காலில் இடித்தால், அந்த ஃபோர்க் அதற்காகச் செய்யப்படவில்லை என்றுதான் பொருள். ஏற்காட்டிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ இறங்குபவருக்குச் சூட்டைச் சமாளிக்கப் பெரிய ரோட்டர் தேவைப்படலாம். சென்னைக்குள் ஏற்றம் என்றால் ஜெமினி மேம்பாலமும் அடையாறு திரு.வி.க. பாலமும்தானே? 160 தாராளம்.

ஒரு பென்சில் சோதனை

இந்த இடைவெளி விவகாரம் வெறும் சத்தப் பிரச்சினை இல்லை என்பதை உலகம் 2015-ல் பார்த்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் ட்ரெக் நிறுவனம், அந்த நாட்டில் மட்டும் சுமார் 9 லட்சம் சைக்கிள்களுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியிட்டது. குறை பிரேக்கில் இல்லை. முன் சக்கரத்தின் க்விக் ரிலீஸ் லீவரில்! அதைத் திறந்தால் 180 டிகிரிக்கு மேல் திரும்பி ரோட்டர் பக்கம் சாய்ந்தது. லீவர் சரியாக மூடப்படாமல் ஓடும்போது அது ரோட்டரில் சிக்கினால் முன் சக்கரம் அப்படியே நின்றுவிடும், அல்லது கழன்றுவிடும். மூன்று விபத்துகள் பதிவாகியிருந்தன. ஒருவருக்குக் கைகால் செயலிழந்தது. அதே செப்டம்பரில் ஜெயன்ட், கேனன்டேல் உள்ளிட்ட பிராண்டுகளை விற்கும் 13 நிறுவனங்கள் இதே காரணத்துக்காகச் சுமார் 13 லட்சம் சைக்கிள்களுக்கு அறிவிப்பு கொடுத்தன.

அப்போது சொல்லப்பட்ட சோதனையை இப்போதே உங்கள் பார்க்கிங்கில் செய்து பார்க்கலாம். லீவரை முழுக்கத் திறந்து ரோட்டர் பக்கம் எவ்வளவு போகிறதோ அவ்வளவு தள்ளுங்கள். லீவருக்கும் ரோட்டருக்கும் நடுவே ஒரு சாதாரண பென்சில், அதாவது 6 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி இருக்க வேண்டும். பென்சில் நுழையவில்லை என்றால் லீவரை மாற்றுங்கள். புதிது வரும்வரை சும்மா இருக்க வேண்டாம்: க்விக் ரிலீஸை உருவி, லீவர் வலப்பக்கம் வரும்படி திருப்பி மாட்டுங்கள். ரோட்டர் இடப்பக்கம், லீவர் வலப்பக்கம். இரண்டும் சந்திக்கவே வாய்ப்பில்லை. பைசா செலவில்லை, சூடான ரோட்டரில் விரல் படுவதும் மிச்சம்.

மழைக்கு மட்கார்டு போடுபவர்கள்

அக்டோபர் வந்தால் மட்கார்டு தேடும் கூட்டத்துக்கு ஒரு வார்த்தை. இடப்பக்கக் கம்பி பெரும்பாலும் காலிப்பர் மேல்தான் போய் நிற்கும். கம்பியை அதன்மேல் சாய்த்து வைத்து இறுக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் காலிப்பரை நெம்பும். கேபிள் டிஸ்க் என்றால் அசையும் கையைத் தடுத்து பிரேக்கையே வேலை செய்யவிடாது. நீளமான 5 மி.மீ. போல்ட்டில் ஒரு சிறு நைலான் குழாய்த் துண்டைக் கோத்து, கம்பியைக் காலிப்பருக்கு வெளியே கொண்டுவந்தால் சிக்கல் தீர்ந்தது.

ஆனால் அந்த போல்ட்டின் முனையைப் பாருங்கள். ஃபோர்க்கின் துளையைத் தாண்டி உள்பக்கம் அது நீட்டிக்கொண்டிருந்தால், ரோட்டரிலோ அதன் போல்ட்டிலோ போய் முட்டும். கேரியர் மாட்டும்போதும் இதே ஆபத்து. உள்பக்கத்தோடு முனை சமமாக நிற்கும் நீளம்தான் சரி. கூடுதலாக இருந்தால் வெளியே எடுத்து போல்ட்டை அறுத்துக் குறைக்கலாம். அரத்துக்கு வேலை உண்டென்றால் இங்கேதான்.

பார்க்கிங்கில் வளையும் ரோட்டர்

தி.நகர், அடையாறு அபார்ட்மென்ட்களில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே செருகி நிறுத்தும் சைக்கிளில் ரோட்டர் வளைவது சகஜம். ஃபுட்ரெஸ்ட் ஒன்று ரோட்டரில் பட்டால் போதும். லேசான வளைவு என்றால், வளைந்த இடத்தை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொண்டு, சுத்தமான துணியைச் சுற்றிய ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தலாம். வெறும் கையால் தொட வேண்டாம். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பேட்டுக்குப் போனால் பிரேக் கத்த ஆரம்பிக்கும். ஓட்டி வந்தவுடனே என்றால் கையும் சுடும். டிஸ்க் பக்கம் சுவரைப் பார்த்தபடி நிறுத்துவது நல்லது.

ஞாயிறு அதிகாலை ஈ.சி.ஆர். போக முன் சக்கரத்தைக் கழற்றி காரில் ஏற்றுபவர்கள், ஹைட்ராலிக் பிரேக் என்றால் பேட்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிடுங்கள். புது சைக்கிளோடு அது வந்திருக்கும். இல்லையென்றால் பல மடிப்பு மடித்த அட்டை போதும். ரோட்டர் இல்லாதபோது யாராவது லீவரை அழுத்திவிட்டால் இரண்டு பேட்களும் ஒட்டிக்கொண்டு, சக்கரம் உள்ளே போகாது. அப்படி ஆகிவிட்டால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம். டயர் கழற்றும் பிளாஸ்டிக் லீவரை நடுவில் விட்டு மெதுவாக விலக்கினால் பேட்கள் பழைய இடத்துக்குப் போய்விடும்.